மகளுக்கு ஏ.எல். (உயர்தரம்) எந்தப் பிரிவு? திருமலையில் (திருகோணமலையில்) ஒரு குடும்பம் எத்தனை வருடம் காத்திருக்கலாம்?

சீனக்குடா அப்பா (இழையைத் தொடங்கியவர்)
வெள்ளி, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். மகளின் ஓ.எல். (சாதாரண தரம்) பெறுபேறு வந்துவிட்டது. ஏழு ஏ, இரண்டு பி. வீட்டில் சந்தோசம்தான், ஆனால் மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை. வகுப்பாசிரியை உயிரியல் பிரிவில் விடச் சொல்கிறா. மனைவிக்கு மகள் தாதியாக வேண்டும். மகளோ தொழினுட்பப் பிரிவு கேட்கிறாள், பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் ஐ.டி. என்கிறார். எல்லாரும் அன்போடுதான் சொல்கிறார்கள், எனக்குத்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பப்பா டொக்யாட்டில் பிட்டராக இருந்தவர், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபிறகும் அந்தக் கைத்தொழில்தான் அவருடைய ஆறு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. அவர் வைத்திருந்த, தடிப்பு அளக்கிற பித்தளை இடுக்கிமானி இன்னும் எங்கள் அலுமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி கிடக்கிறது. அப்பா ஓ.எல். வரை படித்தார், ஆலை ஒன்றில் சேர்ந்தார், ஆறு மாதத்தில் நிரந்தர நியமனக் கடிதம் கைக்கு வந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் காணிக்குக் கடன் எடுத்தார், அதைச் சொல்லித்தான் என் அக்காவுக்குச் சம்பந்தம் பேசினார்கள்.

நான் ஏ.எல். வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. ஒரு களஞ்சியத்தில் ஆள் பிடித்துக் கொடுக்கும் கொம்பனி மூலம் வேலை. பதினெட்டு வருடமாக அதே வாசலால் உள்ளே போகிறேன். எனக்குச் சம்பளம் போடுகிற கொம்பனியின் பெயர் மட்டும் நாலு தரம் மாறிவிட்டது, மாறுகிற ஒவ்வொரு முறையும் நான் புதிதாகச் சேர்ந்த ஆள். அப்பாவை விட இரண்டு வருடம் கூடப் படித்தவன், அவருக்குக் கிடைத்த கடிதம் இன்றைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கணக்கு. மகளுக்குப் பதினேழு நடக்கிறது. ஏ.எல். எழுத பத்தொன்பது, பெறுபேறு வந்து வெட்டுப்புள்ளி வந்து கம்பஸுக்குள் போக இருபத்தொன்று, முடிக்க இருபத்தைந்து அல்லது ஆறு, அதற்குப் பிறகு வேலை தேட வேண்டும். எனக்கு இப்போது நாற்பத்தேழு. அவளுடைய முதல் சம்பளத்தைப் பார்க்கும்போது எனக்கு ஐம்பத்தேழு ஆகிவிடும். கீழே மகன் ஒருவன், ஏழாம் வகுப்பு. எது நல்ல பிரிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதுவரைக்கும் எங்கள் வீடு தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.


ஓய்வுபெற்ற கணித வாத்தியார்
சனி, காலை 6.05

தம்பி, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்து. 34 வருடம் இந்த மாவட்டத்தில் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த கடிதம் உங்களுக்கு ஏன் வரவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம், அதை விளங்காமல் மகளுக்கு வழி சொல்ல முடியாது. 1945இல் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி வந்தபோது படித்தவர்கள் கொஞ்சப் பேர், கந்தோர்களும் பாடசாலைகளும் பெருகிக்கொண்டிருந்தன. எஸ்.எஸ்.சி. (அந்தக் காலத்து ஓ.எல்.) சித்தியடைந்தவனை வேலை தேடி வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள், படித்தால் உத்தியோகம் என்று மனதில் பதித்துக்கொண்டோம். பிறகு 1980களின் தொடக்கத்தில் குடாவைச் சுற்றி மாவாலை, சீமெந்து ஆலை என்று வந்தபோது ஓ.எல். போதுமாக இருந்தது, ஏனென்றால் வேலையை உள்ளேயே பழக்கினார்கள். அதற்குள் யுத்தம். இருபத்தைந்து வருடம் இந்த மாவட்டத்துக்குப் புதிதாக முதலீடு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை, கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையும் 1990களில் மூடப்பட்டது. ஆனால் பாடசாலைகள் பிள்ளைகளைச் சித்தியடைய வைத்துக்கொண்டே இருந்தன. அதே கதிரைக்கு முன்பு ஓ.எல். கேட்டவர்கள் பிறகு ஏ.எல். கேட்டார்கள், இப்போது பட்டம் கேட்கிறார்கள். நீங்கள் அப்பாவை விடக் குறையப் படித்ததால் வந்த நிலை இல்லை இது, தம்பி. அதை மனதில் வைத்து வருந்தாதீர்கள்.

சரி, மகளுக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பாருங்கள், போன மூன்று வருடத்துக்கும் பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பாடசாலைக்கு நேரில் போங்கள். அவள் கேட்கிற பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் இல்லாத பிரிவில் கெட்டிக்காரப் பிள்ளையை விட்டால் அந்த இரண்டு வருடமும் ரியூசன் கொட்டிலில்தான் போகும், அதற்கான காசு உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போகும்.

ஒன்று சொல்ல ஆசை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தார்கள், 396 மீற்றர். அதற்கு முன் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையில், ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். என் பின்னேர வகுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருவான். கடைசிக் கணக்குப் பாதியில் நிற்கும்போது கொப்பியை மூடிக்கொண்டு ஓடுவான், பாதை போய்விடும் என்று. நான் அந்த மிச்சத்தை ஒரு தாளில் எழுதி அடுத்த நாள் கொடுப்பேன். பாலம் வந்த அடுத்த வருடம் என் வாங்குகளில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். அந்தப் பிள்ளைகளின் மூளை ஒரு வருடத்தில் மாறவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் மேலே வருவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் எழும்பி ஓடுவதுதான் கண்ணில் நிற்கும்.


கிண்ணியா ராத்தா
சனி, காலை 9.40

சேர், அந்தப் பாதைக்கு நானும் ஓடியிருக்கிறேன், கடவுச்சீட்டு வேலையாக. வாசித்ததும் கண் கலங்கிவிட்டது.

சீனக்குடாத் தம்பிக்கு என் கதையைச் சொல்கிறேன். 1996இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன், மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஏழு. பதினொரு வருடம். இடையில் இரண்டு தரம் வந்து போனேன். சுனாமி வந்த அன்று நான் அங்கே ஒரு வீட்டில் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தேன், இரண்டு நாள் உம்மாவின் சத்தத்தைக் கேட்கவில்லை. அந்தக் காசில்தான் மகள் படித்தாள். கலைப்பிரிவு, 2011 ஏ.எல்., 2013இல் கம்பஸ் போய் 2017இல் முடித்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் நினைத்தே பார்க்காத மூன்று வருடம். பட்டம் கையில் இருக்கிறது, நியமனம் இல்லை. முன்பள்ளியில் நின்றாள், பின்னேரம் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தாள், அரச வர்த்தமானியில் நியமன அறிவிப்பு எப்போது வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் பேசி வந்தவர்கள் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நியமனம் கிடைத்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக எடுத்தபோது அவளும் போனாள், இருபத்தெட்டு வயதில், பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபா. அந்தக் கடிதத்தை என் கையில் தந்தபோது நான் சுஜூதில் விழுந்தேன். இரண்டு வருடம் கழித்து 2022இல் சாமான் விலை ஏறின ஏற்றத்தில் அந்தச் சம்பளம் மாதக் கடைசிக்கு வந்து சேரவே இல்லை. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது என்று செய்தியில் சொன்னார்கள், எங்களுக்கு அது பால்மா பைக்கற்றிலும் காஸ் சிலிண்டரிலும் தெரிந்தது.

இருந்தாலும் தம்பி, நான் வருந்தவில்லை. அவள் மாதச் சம்பளம் எடுக்கிறாள், ஓய்வூதியம் இருக்கிறது, அவள் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாடு போகத் தேவையில்லை. நான் பதினொரு வருடம் உழைத்து வாங்கியது அதைத்தான். ஆனால் மகன், நான் இல்லாத வீட்டில் வளர்ந்தவன், பதினாறில் பாடசாலையை விட்டு கராஜுக்குப் போய்விட்டான். மகளைப் பற்றி ஊர் என்னிடம் கேட்கும்போதெல்லாம் இவனும் பக்கத்தில் நிற்பான்.


நிலாவெளி ஏசி தம்பி
சனி, பகல் 1.15

அண்ணா, உங்கள் மகள் மின்விசிறி கழற்றுகிற பிள்ளை என்று வாசித்ததால்தான் எழுதுகிறேன்.

நான் கணிதப் பிரிவு, ஏ.எல். முதல் தரம் எழுதி ஒரு பாடம்தான் சித்தி, இரண்டாம் தரம் இரண்டு பாடம். மூன்றாம் தரமும் எழுது என்றார் அப்பா. எனக்கு முடியவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிரூட்டல் கோர்ஸ் போனேன், என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4 எடுத்தேன். வீட்டில் ஒரு வருடம் அம்மா வெளியில் போனால் யாரிடமும் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லவில்லை. ஏ.எல். பெயில் என்ற சொல்லை விட "கோர்ஸ் படிக்கிறான்" என்ற சொல் அவவுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது நிலாவெளி, உப்புவெளி ஹொட்டேல்களில் சேர்விஸ் செய்கிறேன். கடற்கரையில் உள்ள வெளி யூனிட்டுகளின் கொயில் உப்புக்காற்றில் இரண்டு மூன்று வருடத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும். கையில் எடுத்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக வரும். அதை மாற்றத் தெரிந்தவன் இந்தக் கரையில் பட்டினி கிடக்க மாட்டான். அந்தச் சான்றிதழை வைத்து டோஹாவுக்கும் இரண்டு வருடம் போய் வந்தேன்.

ஆனால் மறைக்கக் கூடாது. இங்கே சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான், மழைக்காலத்தில் ஹொட்டேல் பாதி மூடிவிடும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு வருடம் போனது, அப்புறம் கொரோனா, அப்புறம் 2022இல் பெற்றோல் கியூ. அந்த நாலு வருடத்தில் நான் கையில் வைத்திருந்தது எல்லாம் கரைந்தது. அரச வேலை செய்கிற என் மைத்துனருக்குச் சம்பளம் குறைந்த பெறுமதியில் என்றாலும் ஒவ்வொரு மாதமும் வந்தது. அதனால்தான் எங்கள் சனம் அரச வேலைக்குக் கிடையாய்க் கிடக்கிறது. அதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் அந்த நாலு வருடத்தை இந்தக் கரையில் இருந்து பார்க்கவில்லை.


ஹார்பர் வியூ
சனி, பகல் 2.02

பட்டம், ஏ.எல். எல்லாம் வீண் அண்ணா. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், அதில் எத்தனை பேர் பட்டத்தைக் காட்டிப் போனார்கள்? பிள்ளைக்கு ஒரு மொழியைப் படிப்பித்து அனுப்புங்கள்.


சம்பூர் ரீச்சர்
சனி, இரவு 8.50

ஹார்பர் வியூ, வீண் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

2006இல் யுத்தத்தில் சம்பூரை விட்டு ஓடியபோது நான் எட்டாம் வகுப்பு. பிறகு கிளிவெட்டி முகாம். தகரக் கொட்டில், பகல் முழுக்க வெயில் அந்தத் தகரத்தில் நிற்கும், இரவு பத்து மணிக்குக் கூட எழுதும்போது முழங்கை வேர்வையில் கொப்பியின் ஓரம் நனைந்து மை பரவும். எனக்கும் ஒரு வயது இளைய தம்பி. அவன் என்னை விடக் கெட்டிக்காரன், இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் இருவருக்கும் படிப்பித்தவர்களைக் கேட்டால் அவர்களும் சொல்வார்கள். அப்பாவுக்கு காணி இல்லை, கடல் இல்லை, கூலி வேலை. ஓ.எல். முடிந்ததும் தம்பி அம்மாவிடம் போய் "அக்கா படிக்கட்டும், நான் மேசன் வேலைக்குப் போகிறேன்" என்றான். ஒருவரும் அவனைப் போகச் சொல்லவில்லை. ஆனால் நில் என்று சொல்லவும் அந்தக் கொட்டிலில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

2012இல் ஏ.எல்., கம்பஸுக்குக் கொஞ்சம் போதவில்லை, கல்வியியற் கல்லூரி கிடைத்தது. இதைச் சீனக்குடா அண்ணா கவனமாகப் பாருங்கள். இரண்டு வருடம் விடுதியில் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, முடிய ஆசிரியர் நியமனம். படிக்கிற காலத்தில் கொடுப்பனவும் தருவார்கள், வீட்டிலிருந்து வாங்குவது குறைவு. தாதியர் பயிற்சியும் அப்படித்தான், மூன்று வருடம், பயிற்சியின்போதே மாதக் கொடுப்பனவு. எங்களைப் போன்ற வீடுகளுக்கு இவை இரண்டும் ஏன் கனவாக இருக்கின்றன என்று நகரத்தில் இருக்கிறவர்கள் சில நேரம் கேட்பார்கள், வேறு லட்சியம் இல்லையா என்று. லட்சியம் இருந்தது. எனக்குச் சட்டம் படிக்க விருப்பம். ஆனால் தம்பி சுமந்த சீமெந்துப் பைகளை எண்ணிப் பார்த்தால் இன்னும் ஐந்து வருடம் சுமக்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சீலை எடுத்தேன், எல்லாரும் செய்வதுதான். இரண்டாவது சம்பளத்தில் தம்பியை வேலை அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. எடுக்கும் மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். படிக்காமலே கைப்பழக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது, தயவுசெய்து உங்கள் ஊர் மேசன்மாருக்கும் இலக்ரீசியன்மாருக்கும் சொல்லுங்கள். சான்றிதழ் வந்தபிறகு அவனுக்கு நாள் கூலி கூடியது, இப்போது சின்னச் சின்ன வேலைகளைச் சொந்தமாகவே எடுத்துச் செய்கிறான். ஆனால் அந்த ஏ.எல். வகுப்பை அவனுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு வீட்டில் ஒருவர் மேலே வந்தார் என்று சொல்லும்போது அந்த வீட்டில் இன்னொருவர் எந்த வகுப்போடு நின்றார் என்றும் கேட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் பத்து வீட்டில் ஏழு எட்டு வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார்.


கொழும்பில் ஐ.டி.
ஞாயிறு, காலை 11.30

ரீச்சர் எழுதியதற்குப் பிறகு எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் ஐ.டி. என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக அண்ணா எழுதியிருந்தார், அதற்காகச் சொல்கிறேன். நான் உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன், கணிதப் பிரிவில் சிறிய இடைவெளியில் கம்பஸ் தவறியவன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி ஐ.டி. பட்டம் செய்தேன், வேலையும் செய்துகொண்டே முடிக்க ஐந்து வருடம்.

முதல் நேர்முகத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்குக் கேள்வி விளங்கியது, பதிலும் தமிழில் முழுதாக இருந்தது, வாயால் வந்தது மூன்று சொல். வேலை கிடைக்காமல் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹபரணை தாண்டும் வரை மனதுக்குள் அந்தப் பதிலை ஆங்கிலத்தில் கட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன். நிரலாக்கத்தை விட அந்த ஒரு வருடம்தான் எனக்கு வேலை தந்தது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. கொழும்பில் முதல் வேலை கிடைத்தபோது வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக மிஞ்சியது ஒன்றும் இல்லை. முதல் எட்டு மாதம் அப்பாதான் காசு அனுப்பினார். வேலை கிடைத்த பிள்ளைக்கு வீட்டிலிருந்து காசு அனுப்புவதை ஊரில் எத்தனை பேரால் செய்ய முடியும்? என்னோடு படித்த இன்னொருவன், என்னை விட நன்றாகக் கோட் எழுதுவான், இரண்டாவது மாதமே திரும்பி வந்துவிட்டான், இப்போது நகரத்தில் போன் கடை வைத்திருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் என் அப்பாவின் எட்டு மாதம்தான்.

பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போனாலும் இன்றைக்கே ஆங்கிலம் பேசத் தொடங்கட்டும். ஏ.எல். முடிந்தபிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.


ஓய்வுபெற்ற கணித வாத்தியார்
ஞாயிறு, பகல் 12.10

சம்பூர்ப் பிள்ளை, உன் தம்பியை ஒரு நாள் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

சீனக்குடாத் தம்பிக்கு ஒரு வார்த்தை. இங்கே எழுதின எல்லாரையும் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு வழியை மட்டும் நம்பிப் போனவர்கள்தான் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள். தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. நல்ல இசட் புள்ளி (கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற ஏ.எல். புள்ளி) வந்தால் கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மூன்றிலும் தொழினுட்ப பீடம் இருக்கிறது. வராவிட்டால் உயர் தொழினுட்ப நிறுவகத்தில் டிப்ளோமா, அதுவும் வேண்டாமென்றால் என்.வி.கியூ. 5, 6 என்று மேலே போகலாம், கீழே நின்றால் நாளைக்கே கைத்தொழில். உயிரியலில் மருத்துவம், விவசாயம் போகாவிட்டாலும் தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடம் என்று பல கதவுகள், ஆனால் முதல் தரம் சறுக்கினால் இரண்டாம் மூன்றாம் தரம் எழுதுகிற ஆசை பிடித்துவிடும், அங்கேதான் வருடங்கள் போகும். எந்தப் பிரிவென்றாலும் முதல் தரம் போதாவிட்டால் அடுத்து என்ன என்று இப்போதே பிள்ளையோடு பேசி வையுங்கள். மூன்றாம் தரத்துக்கு என் வகுப்பில் இருந்தவர்களின் முகங்கள் எனக்கு நன்றாக ஞாபகம்.


திருக்கடலூர் வலைக்காரன்
ஞாயிறு, இரவு 7.45

ஹார்பர் வியூ சொன்ன மொழி விசயம் முழுப் பிழை இல்லை. என் மூத்தவன் கொரிய மொழி படிக்கிறான். 18 வயது தொடக்கம் 39 வரை எழுதலாம், அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் உள்ள திட்டம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலம் போவது. இதற்கென்று இலட்சக்கணக்கில் கேட்கிற இடைத்தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். போன வருடம் வேறு ஒரு நாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் சொல்லி, மனைவியின் காப்பை அடகு வைத்துக் கொடுத்த காசு இன்னும் வரவில்லை, அடகுச் சீட்டு மட்டும் சாமித் தட்டில் இருக்கிறது. படிப்பு நிலையங்களிலும் அப்படித்தான், சர்வதேச டிப்ளோமா என்று பெரிய பெனர் போட்டிருப்பார்கள். தொழிற்கல்வி என்றால் மூன்றாம்நிலைக் கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசைக் கட்டுங்கள்.

கடலில் மீன் குறைந்துவிட்டது, என் பிள்ளை வலை இழுக்கக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை அவனுக்கு என்ன வழி இருக்கிறது என்று சொல்ல எங்கள் தெருவில் ஒருவரும் இருக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு இந்த இழையில் இத்தனை பேர் இருக்கிறார்கள்.


சீனக்குடா அப்பா
செவ்வாய், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் மனைவிக்கும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்று அரை நாள் லீவு போட்டு வாத்தியார் ஐயா சொன்னபடி பாடசாலைக்குப் போனோம். பொறியியல் தொழினுட்பத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டினார், மேசையில் தூசி இல்லை, பிள்ளைகளின் வேலை பாதியில் கிடந்தது. மகள் அப்பப்பாவின் இடுக்கிமானியைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது அங்குலக் கணக்கு, வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் நின்று சொல்லிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் பஸ் சீற்றின் கம்பியின் தடிப்பை அளந்துகொண்டே வந்தாள்.

தொழினுட்பப் பிரிவு என்று முடிவெடுத்திருக்கிறோம். முதல் தரத்தில் கம்பஸ் கிடைக்காவிட்டால் இரண்டாம் தரத்துக்கு நிற்பதில்லை, டிப்ளோமாவுக்குப் போவது என்று அவளாகவே சொன்னாள். மனைவிக்குத் தாதியர் ஆசை இன்னும் போகவில்லை, அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது, ஆனால் கோபம் இல்லை.

ரீச்சர், உங்கள் தம்பியின் கதையை வாசித்தபோது என் மகனும் பக்கத்தில் இருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. இரவு மனைவி சொன்னா, மகளுக்குக் காசு முட்டுப்பட்டாலும் இவனை இடையில் நிறுத்துவதில்லை என்று இன்றைக்கே எழுதி வையுங்கள், பிறகு வாய் வராது என்று. கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் போட்டிருக்கிறோம்.

ஏ.எல். வகுப்பு தொடங்கும் வரை நாட்கள் இருக்கின்றன. சீனக்குடா, உப்புவெளிப் பக்கத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவர் யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள். பின்னேரம் நாலரைக்குப் பிறகு என்றால் மகனையும் சேர்த்து நானே கூட்டிக்கொண்டு வருவேன்.